வெல்லுகிற ஆட்டத்தை விட்டுப் போனவர்கள்

அக்கா,

இன்று காலை குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு லிஃப்டில் ஏறினேன். உள்ளே ஒருவருமில்லை. ஆனால் எனக்குச் சற்று முன்னால் யாரோ சூடான மாலு பனிஸ் கொண்டு போயிருக்க வேண்டும். மீனும் உருளைக்கிழங்கும் மிளகும் சேர்ந்த அந்த வாசம் லிஃப்ட் முழுக்க நின்றது. ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. நான் இறங்கவில்லை. கதவு தானாக மூடிக்கொள்ள, கீழே யாரோ பொத்தானை அழுத்த, லிஃப்ட் என்னையும் கொண்டு மறுபடி இறங்கியது. அப்பாவைத் தனியே விட்டுவிட்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் வெளியில் நிற்கக்கூடாதவள், ஒரு பனிஸ் வாசத்துக்காக ஐந்து மாடி இறங்கி ஐந்து மாடி ஏறினேன்.

நீங்கள் போய் ஒன்பது மாதம். இதுவரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் அறிந்ததே கடிதத்தால்தான் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் தொடக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். நான் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று, நீங்கள் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று. இரண்டும் மிகவும் பிந்தித்தானே வெளியே வந்தன.

அம்மா செத்த அடுத்த வருடம் அப்பாவின் நினைவு குழம்பத் தொடங்கியது. நாற்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் நில வரைபடம் கீறியவர். கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையிலேயே வழி தெரியாமல் நின்றார். இரண்டு முறை வீட்டைவிட்டு இறங்கிப் போனார். ஒருமுறை காலி வீதியில் சாரத்தோடு நின்று வாகனங்களை மறித்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு வாசல் கிறில் கேட்டைப் பூட்டி, திறப்பை ஒரு நூலில் கோத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கொள்ளுப்பிட்டியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். தங்கச்சி கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து, "அக்கா, நீயும் கொஞ்சம் வெளியில போய் வா" என்பாள். எப்படிப் போவது என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அப்பாவைப் பூட்டி வைத்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். பூட்டுக்கு உள்ளே நானும்தான் இருந்தேன்.

அந்த நாட்களில்தான் கைப்பேசியில் அந்தத் தளத்தைக் கண்டுபிடித்தேன். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் வந்து பலகை விளையாட்டுகள் ஆடுகிற இடம். எனக்குப் பிடித்தது இருவர் ஆடும் ஒரு ஆட்டம். சதுரத் துண்டுகளை மாறி மாறி வைத்து, வீதியை வீதியோடும் ஆற்றை ஆற்றோடும் பொருத்தி ஒரு ஊரைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு ஆட்டம் முடிய நாற்பது நிமிடம் போகும். அப்பா உறங்கும் பின்னேரங்களில் ஆடுவேன். எதிரில் யாரோ ஒருவர் யோசிக்கிறார், என்னுடைய அடுத்த துண்டுக்காகக் காத்திருக்கிறார் என்ற நினைப்பு எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

ஆனால் அப்பா நாற்பது நிமிடம் உறங்குவதாக எந்த உறுதியும் இல்லை. நடுவில் கத்துவார். படுக்கையை நனைத்துவிடுவார். கைப்பேசியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். திரும்பி வரும்போது ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். எதிரில் இருந்தவர் காத்திருந்து, அலுத்து, முறைப்பாடு எழுதிவிட்டுப் போயிருப்பார். மூன்று மாதத்தில் பதினெட்டு ஆட்டங்களை அப்படி இடையில் விட்டிருக்கிறேன். பதினெட்டு என்பதை நீங்கள் எண்ணிச் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஏனென்றால் அந்த முறைப்பாடுகள் எல்லாம் உங்களிடம் வந்தன. ஆட்டத்தை இடையில் விட்டுப் போகிறவர்களைக் கவனிப்பதற்கென்று அந்தத் தளத்தில் நாலைந்து பேர் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள். அவர்களில் நீங்களும் ஒருவர். மட்டுறுத்துநர் என்று நான் ஒருமுறை தமிழில் சொன்னபோது, "பொலிஸ்காரி என்டே சொல்லுங்க, அது லேசு" என்று சிரித்தீர்கள். ஆனால் அது பிறகு. முதலில் எனக்கு நீங்கள் பெயரும் முகமும் இல்லாத மூன்று ஆங்கிலக் கடிதங்கள் மட்டும்தான்.

முதலாவது கடிதம் மரியாதையாக இருந்தது. இரண்டாவது சுருக்கமாக இருந்தது. மூன்றாவதில், "இது இறுதி அறிவித்தல். இனி ஒரு ஆட்டத்தையேனும் இடையில் கைவிட்டால் உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்" என்று இருந்தது. வழக்கறிஞர் யாரோ எழுதியது போல இருக்கிறதே என்று நினைத்தேன். நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் நீங்கள் இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர் என்பது எனக்கு அப்போது எப்படித் தெரியும்?

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் காரணம் எழுத ஒரு பெட்டி இருந்தது. நான் ஒன்றும் எழுதவில்லை. அப்பா படுக்கையை நனைக்கிறார் என்பதை யாரென்று தெரியாத ஒருவருக்கு எந்த மொழியில் எழுதுவது?

அந்தப் பின்னேரத்தைப் பற்றி உங்களிடம் எத்தனையோ முறை கதைத்திருக்கிறேன். மூன்று மணியிருக்கும். அப்பா உறங்கிக்கொண்டிருந்தார். காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவருக்காகக் கேட்டைத் திறந்தேன். அவர் குசினிவரை வந்து பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். மேசையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. என் முறை, நேரம் குறைந்துகொண்டிருந்தது. கேட்டைச் சாத்தினேன். பூட்டவில்லை. ஒரு துண்டை வைத்துவிட்டு வந்து பூட்டலாம் என்று உட்கார்ந்தேன்.

நல்ல ஆட்டம் அது. நான் முன்னுக்கு நின்றேன். இன்னும் ஐந்தாறு துண்டுகள்தான். உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா எழும்பிவிட்டார், தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது எழும்பினால் கணக்கு போய்விடும். பிறகு இந்த வீட்டில் எனக்கென்று ஒன்றுமில்லை. ஆட்டத்தை முடித்தேன். வென்றேன். எழும்பிப் போய்ப் பார்த்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. கேட் திறந்து கிடந்தது.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியால் ஓடினேன். ஒழுங்கை முனையில் முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் நின்றார். "அய்யே, அபே தாத்தா தெக்கத?" என்று, எங்கள் அப்பாவைக் கண்டாரா என்று சிங்களத்தில் கேட்டேன்.

"சுது சரமக் அந்தபு கெனாத? மூத பெத்தட்ட கியா, நங்கி" என்றார் அவர்.

வெள்ளைச் சாரம் கட்டியவர் கடற்பக்கம் போனாராம். வெள்ளவத்தையில் கடற்பக்கம் என்றால் தண்டவாளப் பக்கம். நான் மெரின் டிரைவைக் கடக்கும்போதே ஹோர்ன் சத்தம் கேட்டது. அப்பா இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் குனிந்து நின்று கையால் எதையோ அளந்துகொண்டிருந்தார். கற்களில் உட்கார்ந்து வலை திருத்திக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அப்பாவை இழுத்து எறிந்தார். ரயில் அவர்களைத் தாண்டிப் போனது. அப்பா உயிரோடு கிடந்தார். ஆனால் விழுந்த இடம் கருங்கல். இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அப்பா நடக்கவேயில்லை. கேட்டைப் பூட்ட வேண்டிய தேவையும் இல்லாமல் போனது.

ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துகொண்டுதான் அந்தக் காரணப் பெட்டியில் முதல் தடவையாக எழுதினேன். நடந்ததையெல்லாம் எழுதினேன். கடைசியில், "உங்கள் விதிப்படி நான் ஆட்டத்தை முடித்துவிட்டேன். என் தகப்பன் வெள்ளவத்தைத் தண்டவாளத்தில் கிடந்தார். உங்களுக்குத் திருப்திதானே?" என்று கேட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டு நீளமாக ஏதாவது வரும், அதையும் அழித்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

வந்தது தமிழில் இரண்டு வரி. "நானும் கொழும்புதான், கொட்டாஞ்சேனை. எந்த ஆஸ்பத்திரி, எத்தினையாம் வார்ட்?"

அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் வந்தீர்கள். எங்கோ குளிர் நாட்டில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரரைத்தான் நான் இத்தனை நாளும் ஏசிக்கொண்டிருந்தேன். வந்தது கட்டையான ஒரு பெண். ஒஃபீஸ் சாரி, தோளில் ஃபைல் வைக்கிற பை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் எண்ணெய் ஊறின கடதாசிப் பை.

"நீங்கதானே எழுதினது?"

"ஓம்."

"அந்த மூணு கடிதமும் அனுப்பினது நான்தான்."

நீங்கள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு, "காரணம் எழுதச் சொல்லி ஒரு பெட்டி இருந்ததே. நீங்க எழுதல்ல" என்றீர்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எழுதியிருந்தா விட்டிருப்பீங்களோ?"

பொய் சொல்வது உங்களுக்கு லேசாக இருந்திருக்கும். "இல்ல" என்றீர்கள். "எழுதியிருந்தாலும் அனுப்பியிருப்பன். விதி அப்படித்தான் இருந்தது. அதை நினைச்சுத்தான் ராத்திரி முழுக்கத் தூங்க ஏலாமப் போச்சு." அதன் பிறகு பையை நீட்டினீர்கள். "மாலு பனிஸ். கொட்டாஞ்சேனையில வாங்கினது. சாப்பிடுங்க. நீங்க ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

நான் சாப்பிட்டேன். அழுதுகொண்டே இரண்டைச் சாப்பிட்டேன். அவ்வளவு பசி.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினீர்கள். இரண்டு மணிக்கு வருவீர்கள். செருப்பைக் கழற்றும்போதே, "போங்க, அஞ்சு மணி வரைக்கும் இந்தப் பக்கம் வர வேணாம்" என்பீர்கள். முதல் சனிக்கிழமை எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. வந்த பஸ்ஸில் ஏறி அது முடிகிற இடம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். அதைச் சொன்னபோது, "மனுசர் செய்யுற வேலையா இது? அடுத்த கிழமை எங்க போறதென்டு எழுதித் தந்திட்டுத்தான் போகணும்" என்று ஏசினீர்கள்.

அப்பா உங்களைத் தன் பழைய அலுவலகத்து ஆள் என்று நினைத்துக்கொண்டார். "களனிப் பக்கத்து ஃபைல் எங்க?" என்று கேட்பார்.

"நாளைக்குக் கொண்டு வாறன், சேர்."

"இதைத்தானே போன கிழமையும் சொன்னனீர்?"

"பெரியவர் இன்னும் கையெழுத்து வைக்கல்ல, சேர். நான் என்ன செய்ய?"

அப்பா சமாதானமாகிவிடுவார். இத்தனை மாதங்களாக நான் அவரிடம், "அப்பா, நீங்க பென்ஷன் எடுத்து இருபது வருஷமாச்சு" என்று சொல்லிச் சொல்லி அவரையும் அழவைத்து நானும் அழுதுகொண்டிருந்தேன். உங்களுக்கு அது ஒரு ஃபைல் விஷயம். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை, நான் திரும்பி வந்த பிறகும் நீங்கள் போகாமல் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினீர்கள். நாற்பது, ஐம்பது முறைப்பாடுகள் வரிசையாக நின்றன.

"ஆட்டத்தை விட்டுட்டுப் போறவங்களைப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியாது" என்றீர்கள். "நான் தொடங்கின ஒரு ஆட்டத்தையும் விட்டதில்ல. உங்களுக்குத்தான் தெரியும். வந்து இந்த வேலையைச் செய்யுங்க."

"என்னைக் கணக்கை மூடப்போறன் எண்டு வெருட்டினீங்கள். இப்ப பொலிஸ்காரியாக்கப் பார்க்கிறீங்களோ?"

"ஓம். களவு எடுத்தவங்களை வேலைக்கு எடுத்தா நல்லாக் கண்டுபிடிப்பாங்களாம்."

அப்படித்தான் நான் உள்ளே வந்தேன். விட்டுப் போகிறவர்களில் எத்தனை வகை! தோற்கப் போவது தெரிந்ததும் ஓடுகிறவர்கள். மின்சாரம் போனவர்கள். பெயரை மாற்றி மாற்றி வந்து எதிராளியை வேண்டுமென்றே காக்கவைப்பவர்கள். அவர்களையெல்லாம் நீங்கள் ஒரே பெட்டிக்குள் போட்டு எண்ணிக்கொண்டு இருந்தீர்கள். நான் என்னுடைய பழைய பதினெட்டு ஆட்டங்களையும் திறந்து உங்களுக்குக் காட்டினேன்.

"பாருங்கோ, இதில பன்னிரண்டில நான் வெண்டுகொண்டிருந்தனான். தோல்விக்குப் பயந்து ஓடுறவர் வெல்லுற ஆட்டத்தை விட்டுட்டுப் போவாரோ? வெல்லும்போதும் தோற்கும்போதும் ஒரே மாதிரி எழும்பிப் போறவருக்கு வேற ஏதோ இருக்கு. அவரைத்தான் முதலில கேக்க வேணும்."

நீங்கள் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். முகம் ஒரு மாதிரியாகிப் போனது. நான் சொன்னது புதிய விஷயமாகப் பட்டதால் அப்படி என்று நினைத்தேன்.

தளத்தை நடத்துபவர்களுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். மூன்றாவது கடிதம் போவதற்கு முன் ஒரு ஆள் அந்த ஆட்டங்களைத் திறந்து பார்க்க வேண்டும், காரணத்தை நேரடியாகக் கேட்க வேண்டும் என்று. உங்களுடைய புதுக்கடை ஆங்கிலத்துக்கு அவர்கள் பயந்திருக்க வேண்டும். நாலு மாதத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

எங்களுக்குள் சண்டையும் வந்தது. எல்லோரையும் மன்னித்துவிட வேண்டும் என்ற வேகத்தில் நான் இருந்தேன். தோற்கும்போது மட்டும் ஓடுகிற ஒருவருக்குக்கூட, "அவருக்கு என்ன கஷ்டமோ" என்று வாதாடினேன். நீங்கள் ஒரு முறைப்பாட்டைத் திறந்து என்னை வாசிக்கச் சொன்னீர்கள். எழுதியவர் முதியோர் இல்லம் ஒன்றில் இருப்பவர். அங்கே கணினி கிழமைக்கு ஒருமுறைதான் அவருக்குக் கிடைக்கும். அந்த முறை கிடைத்த நேரம் முழுவதும் ஓடிப்போனவருக்காகக் காத்து வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறார்.

"எதிர்ல இருக்கிறதும் ஒரு ஆள்தானே" என்றீர்கள். "உங்களுக்குக் கிடைச்ச நாப்பது நிமிஷம் மாதிரித்தான் அவருக்கும்."

ஓடிப்போனவரின் கணக்கை மூடினீர்கள். நான் இரண்டு நாள் உங்களோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. வழமை போல வந்து செருப்பைக் கழற்றினீர்கள்.

பிறகு சனிக்கிழமைகள் தவறத் தொடங்கின. "கோட்டில வேலை கூட" என்பீர்கள். "அண்ணாவின்ர மகளுக்குப் பரீட்சை" என்பீர்கள். நான் நம்பினேன். நம்பாமல் இருந்தால் கேட்க வேண்டிவரும், கேட்டால் சனிக்கிழமைகள் இல்லையென்று ஆகிவிடும் என்ற பயமும் இருந்திருக்கலாம். அதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த நாட்களில் நாங்கள் இருவரும் மெதுவான ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். ஒரு துண்டு வைக்க மூன்று நாள் அவகாசம். நீங்கள் வெல்லும் நிலையில் இருந்தீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை திறந்து பார்த்தால், நீங்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை முடித்திருந்தீர்கள். "நல்லா ஆடினீங்க. நன்றி" என்று ஒரு வரி. எனக்கு எரிச்சல் வந்தது. இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். முறைப்பாடுகளைப் பார்ப்பவளாக எனக்கு எல்லோருடைய ஆட்டங்களையும் திறந்து பார்க்க முடியும். கோபத்தில் உங்களுடையதைத் திறந்தேன். அன்று காலை மட்டும் பதினான்கு ஆட்டங்களில் தோல்வியை ஒப்புக்கொண்டிருந்தீர்கள். பதினான்கு பேருக்கும் ஒவ்வொரு வரி நன்றி எழுதியிருந்தீர்கள். ஒருவரையும் காக்கவைக்கவில்லை.

கைப்பேசியில் அழைத்தேன். உங்கள் அண்ணி எடுத்தார். ஈரலில் கட்டி, மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது, இனி வைத்தியமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று சொன்னார்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நெரிசல் நேரத்திலும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகாது. என்னால் வர முடியவில்லை. அப்பாவை யாரிடம் விடுவது? இந்தக் கொழும்பில் அப்பாவோடு உட்காரக்கூடிய ஒரே ஆள் நீங்கள். உங்களைப் பார்க்க நான் வர வேண்டுமென்றால் நீங்கள்தான் வந்து அப்பாவோடு இருக்க வேண்டும். ஐந்து நாள் வீட்டுக்குள் இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். கேட் திறந்துதான் இருந்தது.

ஆறாம் நாள் மூன்றாம் மாடியில், எல்லோரும் ராத்தா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெண்ணின் கதவைத் தட்டினேன். லிஃப்டில் சிரிப்பதைத் தவிர அவரோடு நான் கதைத்ததே இல்லை. விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

"இவ்வளவு காலமா ஒரே கட்டடத்துல ஈக்கிறோம். ஒரு வார்த்தை செல்லப்படாதா? வாப்பாவ நான் பாத்துக்கொள்றன். பெய்த்து வாங்க."

உங்கள் வீட்டை அன்றுதான் முதலில் பார்த்தேன். கோயில் மணி கேட்கிற ஒழுங்கையில், அண்ணாவின் வீட்டு முன்னறை. ஒரு கட்டில், ஒரு மேசை, மேசையில் மூடிய மடிக்கணினி. வீதியில் போகிற ஒவ்வொருவரின் தலையும் ஜன்னலில் தெரிந்தது. நீங்கள் பாதியாகியிருந்தீர்கள். அண்ணி தேசிக்காய்த் தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"சேர் ஃபைல் கேட்டாரா?" என்றீர்கள்.

"ஓம். நாளைக்கு எண்டு சொன்னனான்."

சிரிக்கப் பார்த்தீர்கள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "உங்களுக்கு ஒண்டு சொல்லணும்" என்றீர்கள். "அந்த மூணாவது கடிதம். அனுப்ப முன்னால உங்கட ஆட்டங்களைத் திறந்து பார்த்தன். நீங்க எனக்குக் காட்டினீங்களே, வெல்லுற ஆட்டம். அதை அண்டைக்கே நான் கண்டனான். இது ஏன் இப்படி என்டு நினைச்சன். கேட்டு எழுதுவம் என்டும் நினைச்சன். சாப்பாட்டு நேரம் முடிஞ்சு போச்சு. ஒஃபீஸ்ல ஐயா கூப்பிட்டார். பொத்தானை அமத்திட்டு எழும்பிட்டன்."

நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பரவாயில்லை என்று ஆகிவிடுகிற விஷயமா அது? அதனால் என்னிடம் இருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, நான் செருப்புச் சத்தம் கேட்டது எண்டுதானே உங்களுக்குச் சொன்னனான். அதுக்குப் பிறகு கேட் கிறீச்சிட்ட சத்தமும் கேட்டது. அப்பாதான் திறக்கிறார் எண்டு தெரியும். இன்னும் மூண்டு துண்டு இருந்தது. நான் எழும்பேல்ல."

தங்கச்சிக்கோ வைத்தியருக்கோ நான் சொல்லாதது. கோபத்தில் உங்களுக்கு எழுதிய அந்த நீளக் கடிதத்திலும் இல்லாதது. அந்த மூன்று துண்டுகளுக்கு மட்டும் ஆறேழு நிமிடம் போயிருக்கும்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். நித்திரையாகிவிட்டீர்களோ என்றுகூட நினைத்தேன். பிறகு என் கையை மெதுவாகத் திருப்பி உங்கள் கைக்குள் வைத்துக்கொண்டு, "சரி. அப்ப ரெண்டு பேரும்தான்" என்றீர்கள்.

அதற்கு மேல் நாங்கள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. புதிதாக வந்த முறைப்பாடுகளைப் பற்றி விசாரித்தீர்கள். சொன்னேன். நாலரைக்கு எழும்பினேன். "அடுத்த சனி" என்று வாய்தவறி வந்துவிட்டது. நீங்கள் தலையசைத்தீர்கள்.

அந்தச் சனிக்கு முன்னமே, வியாழக்கிழமை, நீங்கள் போய்விட்டீர்கள். அண்ணி அழைத்துச் சொன்னார். மாதம்பிட்டிச் சேமக்காலையில் அடக்கம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு. அன்று அப்பாவுக்குச் சளி இறுகி, காய்ச்சல் ஏறி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ராத்தா வருகிறேன் என்றுதான் சொன்னார். அந்த நிலையில் அப்பாவை அவருடைய பொறுப்பில் விட என்னால் முடியவில்லை. நாலு மணிக்கு நான் அப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டு இருந்தேன். கொட்டாஞ்சேனையில் எல்லோரும் உங்களைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார்கள். நான் வரவில்லை, அக்கா. ஒரு மணித்தியாலமாவது ஓடி வந்திருக்கலாமோ என்று இன்னும் கணக்குப் பார்க்கிறேன்.

இப்போது ராத்தா செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் வருகிறார். அந்த ஒரு மணித்தியாலத்தில் மருந்து வாங்குவேன், மரக்கறி வாங்குவேன். கடற்பக்கம் போவதில்லை. அப்பாவுக்கு இப்போது என்னையும் அடையாளம் தெரிவதில்லை. சாப்பாடு எல்லாம் கரைத்துத்தான் ஊட்ட வேண்டும். கேட் பகலெல்லாம் திறந்து கிடக்கிறது. அந்த வழியால் போகிறவர் ஒருவருமில்லை.

உங்கள் வரிசையை இப்போது நான்தான் பார்க்கிறேன். ஆட்டங்களைத் திறந்து பார்க்காமல் ஒரு கடிதமும் அனுப்புவதில்லை. காரணம் கேட்டால் நிறையப் பேர் பொய் சொல்கிறார்கள். சிலர் ஏசுகிறார்கள். இடைக்கிடை ஒருவர் உண்மையை எழுதுவார். இரட்டைக் குழந்தைகளோடு தனியே இருக்கிற தாய். இரவுக் காவல் வேலைக்காரர் ஒருவர், மேலதிகாரி வந்தால் கைப்பேசியை ஒளிக்கிறவர். அவர்களுக்கு மெதுவான ஆட்டங்களைக் காட்டிக்கொடுப்பேன். மூன்று நாளுக்கு ஒரு துண்டு வைத்தால் போதும் என்று சொல்வேன். அவர்களில் சிலர் இன்னும் ஆடுகிறார்கள்.

ஒருவர் மட்டும் பதில் எழுதவில்லை. ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. வெல்லும்போதும் போகிறார், தோற்கும்போதும் போகிறார். நான் கேட்டு எழுதினேன். வாசித்ததாகத் தளம் காட்டியது. பதில் இல்லை. இன்னொரு முறை எழுதினேன். என்னுடைய அப்பாவைப் பற்றிக்கூட இரண்டு வரி எழுதினேன். அதையும் வாசித்தார். அதற்குப் பிறகு இன்னும் ஏழு பேரைக் காக்கவைத்துவிட்டுப் போனார். அந்த ஏழு பேரும் எனக்கு எழுதினார்கள். அவர்கள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

இந்த வியாழக்கிழமை பின்னேரம் அந்தக் கணக்கை மூடினேன். மூடும் கடிதத்தை நாலு முறை எழுதி அழித்தேன். மூடப்பட்ட கணக்கிலிருந்து ஒருவராலும் எங்களுக்குப் பதில் எழுத முடியாது. அதனால் கடைசி வரியின் கீழே என்னுடைய சொந்த மின்னஞ்சல் முகவரியைப் போட்டேன். செய்யக்கூடாத வேலை. நீங்கள் இருந்திருந்தால், "விசரா உங்களுக்கு?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு அடுத்த நாள், "ஏதாவது வந்துதா?" என்றும் கேட்டிருப்பீர்கள்.

ஒன்றும் வரவில்லை, அக்கா. இன்று ஞாயிறு. மூன்று நாளாகத் திறந்து திறந்து பார்க்கிறேன். அங்கே யாரோ ஒருவரின் செருப்புச் சத்தத்துக்கு எழும்பி எழும்பிப் போனவருக்கு இருந்த ஒரு சின்ன ஜன்னலையும் நான் சாத்திவிட்டேனோ, அல்லது வெறுமனே ஒரு பொறுப்பில்லாத ஆளைத்தான் வெளியே அனுப்பினேனோ, எனக்குத் தெரியப்போவதில்லை. இப்படியொரு பாரத்தோடுதான் நீங்கள் அந்த ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்து நின்றிருக்கிறீர்கள்.

அப்பாவுக்குக் கஞ்சி நேரம். ஊட்டி, வாயைத் துடைத்து, மற்றப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு முறை திறந்து பார்ப்பேன்.